கணப்புக்கு மேல் ஒரு சிங்கம்

குடும்பப் பெயரைத் தோண்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இங்கிலாந்தில் ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். எங்கள் சஃபோக் பக்கத்துச் சிற்றூரில் அந்த நாலு பேர் வேலையையும் பெர்னார்ட் ஃபுல்லர் ஒருவரே பார்த்தார்.

இவரிடம் பெயரைச் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். தபால்காரர் கார்ட்டரை மழையில் நிறுத்தி வைத்து, “உங்க ஆளுங்க வண்டி ஓட்டினவங்கப்பா” என்பார். பல் பிடுங்க வாயைத் திறந்து கிடந்தபோதுகூட, டாக்டர் பார்க்கர் கையை எடுத்த மறுகணம், “மரப்பட்டையில தோல் பதப்படுத்தின வம்சம், தெரியுமோ?” என்று ரத்தம் ஒழுகும் வாயோடு விசாரித்தவர் இவர். பிழைப்புக்கு என்றோ யாரோ செய்த தொழில், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அதற்கு இவர் ஏன் உதட்டைச் சுழிக்க வேண்டும்?

சரி, ஃபுல்லர் என்றால் என்ன? “கம்பளித் துணி சம்பந்தம்” என்பார். உடனே பேச்சு வானிலைக்குப் போய்விடும். மேற்கொண்டு கேட்டால், கணப்புக்கு மேல் மாட்டியிருக்கும் குலச்சின்னத்தைக் காட்டுவார்: சிவப்புக் கேடயம், அதில் நாக்கை நீட்டிய சிங்கம். சந்தையில் வாங்கியது. குலச்சின்னத்தை ஓர் ஆளுக்குத்தான் கொடுப்பார்களே தவிர, அந்தப் பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் அல்ல என்பது இவருக்குத் தெரியாதா? தெரியும். அதையும் தெரியாததாக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே உண்டு.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஹேஸல், கட்டிக்கொள்ளப் போகிறவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். யார்க்‌ஷர்க்காரன். காலின் ஹாகார்ட். தீயணைப்பு வீரன், நல்ல பையன். பெர்னார்ட்டின் மனைவி டோரின் அம்மாள் மொறுமொறுவென்று பன்றி இறைச்சி வாட்டி, ஆப்பிள் கூழோடு பரிமாறினார். பெயர் காதில் விழுந்ததுமே பெர்னார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஹாகார்ட்டா? பன்னி மேய்ச்சவங்க!”

“இருக்கலாம் சார்,” என்றான் காலின், தட்டில் மும்முரமாக. “நல்லாத்தான் மேய்ச்சிருக்காங்க. ருசியா இருக்கு.”

ஹேஸல் சிரித்தாள். பெர்னார்ட்டுக்குச் சுருக்கென்றது. “நம்ம வீட்டுப் பொண்ணு அந்தப் பேரைச் சுமக்கணுமா? கேட்டுக்க ஹேஸல். கல்யாணத்தன்னிக்கு தேவாலயத்துல உன் கையைப் பிடிச்சு நான் நடந்து வரமாட்டேன்.”

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. சின்ன வயதிலிருந்து அவள் கனவு கண்டது அப்பாவோடு கைகோத்து மணமேடைக்குப் போகும் அந்த நடையைத்தான். டோரின் குழம்புக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தார்.

“ஏன் பெர்னார்ட், அருங்காட்சியகத்துல ஒரு மரத்தொட்டி முன்னாடி நின்னு அதோட விவரப் பலகையைப் படிச்சியே, ஞாபகம் இருக்கா? படிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்களை ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு இழுத்துட்டு வந்தியே? மிச்சத்தை நான் திரும்பிப் போய்ப் படிச்சேன். ஃபுல்லர்னா யாரு? ஊரார் மூத்திரத்தை வீடுவீடா வாங்கி, நாறப்போட்டு, அழுக்குப் போக அதுல கம்பளித் துணியைக் கொட்டி, வெறுங்காலால நாள்பூரா மிதிச்சவன். சொல்லேன் மாப்பிள்ளைகிட்ட!”

காலின் மெல்வதை நிறுத்திவிட்டான். இப்போதாவது மனிதர் தலை குனிந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

பெர்னார்ட் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு சொன்னார்: “இருக்கட்டும். நாங்க மிதிச்சதாவது மனுஷ மூத்திரம். பன்னி மேய்க்கலையே.”

ஹேஸல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். “தேவாலயத்துல நீ வாம்மா என்கூட. நீயே கையைப் பிடிச்சு நடந்து வா,” என்றாள். அப்படியே நடந்தது. கல்யாணத்தன்று அம்மாவும் மகளும் கைகோத்துப் போனபோது, அப்பன்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் பெயர்களைப் பக்கத்தில் இருந்தவரிடம் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். பாவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிரிக்கிறீர்கள். வெள்ளைக்காரன் கூத்து, நமக்கென்ன என்று சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் மகள் ஒரு நாள் வந்து ஒரு பையனின் பெயரைச் சொன்னாளே, அல்லது சொல்லப்போகிறாளே, அப்போது உங்கள் வாயில் வரும் முதல் கேள்வி என்ன? “பையன் எப்படிம்மா?” என்பதா, “அவங்க என்ன ஆளுங்க?” என்பதா?