எரிகல்லும் என் கேப்டன் பதவியும்

ஒரே நாளில் நான்கு பருவங்களையும் அனுபவித்துவரும் மெல்பர்ன்வாசியும் என் தங்கையின் ஏக புதல்வியுமான நெரிடாவுக்கு, மாமன் லெஸ்டர் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். கோதுமை அறுவடை பாதியில் நிற்கிறது, ஈக்கள் முழு பலத்துடன் இருக்கின்றன. உன் சுகத்துக்கு எழுதவும்.

நிற்க. வருகிற ஞாயிறு நம் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குக் கேப்டன் தேர்தல். பட்டணம் போயும் உன் பெயர் இன்னும் படையில் இருப்பதால் நீ வந்து எனக்கு வாக்களிக்க வேண்டும். இப்போதைய கேப்டனான என்னை எதிர்த்து நிற்பவள் கசாப்புக்கடை மேவிஸ். அவள் ஊர் முழுக்கச் சொல்லித் திரியும் கதை உன் காதுக்கு வருமுன் உண்மையை நானே எழுதிவிடுகிறேன்.

எரிகல் மழை என்று ரேடியோ சொன்னதைக் கேட்டு நான் அழைக்க, சென்ற வாரம் ஊரே கிரிக்கெட் மைதானத்தில் மெத்தை போட்டு மல்லாந்து கிடந்தது. நான் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் வானம் மகா கஞ்சத்தனமாக ஒன்றிரண்டு கீற்றுகளைக் காட்டியது. "இதுக்கா எங்கள வரச் சொன்னே, லெஸ்?" என்று மேவிஸ் கேட்டு வாய் மூடவில்லை, வடக்கிலிருந்து ஒரு நெருப்புருண்டை வந்தது பார், தானியக் கிடங்கின் நிழல் எங்கள் மேல் ஏறி மறுபக்கம் ஓடியது, கோழிகள் விடிந்துவிட்டதென்று எழுந்து முட்டையிட்டன, பாதிரியாருக்கு மறந்துபோன பாவங்களெல்லாம் ஞாபகம் வந்தன, உருண்டை பச்சை நிறமாக உடைந்து மேவிஸின் ஆட்டுப்பட்டிக்கு நேர் பின்னால் விழுந்ததை என் இரு கண்ணால் கண்டேன். அறுக்காத கோதுமை, காய்ந்த புல், கேப்டன் சும்மா இருப்பானா? "வண்டிய எடுங்கடா" என்றேன். பட்டிக்குப் பின்னால் நெருப்பில்லை, அடுத்த மேட்டுக்குப் பின்னால் என்றேன், அதில் ஏறியதும் அதற்கடுத்த மேட்டுக்குப் பின்னால் என்றேன். பண்ணைக் கேட்டைத் திறந்தவன் மூட வேண்டும் என்பது இங்கே பத்துக் கட்டளைகளுக்கும் முந்தியது, ஆனால் உலகம் பற்றி எரியும்போது எவன் இறங்கி மூடுவான்? தீவன வண்டி என்று நினைத்து மேவிஸின் ஆடுகள் மொத்தமும் எங்கள் பின்னால் வந்தன. டீசல் தீர்ந்து நின்றபோது எங்களைச் சுற்றி ஆட்டுக் கடல். அந்நேரம் வண்டியின் வயர்லெஸில் மேவிஸ்.

"எங்கே இருக்கே?"

"நெருப்புக்குப் பக்கத்துல."

"நெருப்பு இங்கேதான் இருந்துச்சு, லெஸ். நீ அணைக்காம விட்டுப்போன அடுப்பு சாசேஜைத் தின்னுட்டுப் புல்லுக்கு வந்துருச்சு. எலுமிச்சை சோடாவ ஊத்தி அணைச்சோம். என் ஆடுங்களப் பாத்தியா?"

"எந்த ஆடு?"

"இப்போ உன் பின்னால கத்துதே, அது."

அந்த உருண்டை தெற்கே கடலில் விழுந்ததாக மறுநாள் ரேடியோவில் யாரோ படித்தவர் சொன்னார். கடல் இங்கிருந்து ஒரு நாள் பயணம். திசை சரியாகத்தான் போயிருக்கிறேன், டீசல்தான் போதவில்லை. இதற்கு ஒரு கேப்டனைக் குறை சொல்லலாமா? ஆகவே சனிக்கிழமையே பஸ் ஏறிவிடு.

உனக்குக் காலத்தில் மழையும் குறைவாக ஈக்களும் வாய்க்க வாழ்த்தும்,
மாமன் லெஸ்டர்,
கேப்டன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. நேற்று சாயங்காலம் மேற்கே இன்னொரு நெருப்புருண்டை இறங்குவதைக் கண்டு அபாயச் சங்கை அலறவிட்டேன். படை முழுவதும் வந்து நின்றது. மேவிஸ் கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தாள். "அது வெள்ளிக் கிரகம், லெஸ். ஒரு மாசமா தினம் அங்கேதான் மறையுது." ஒருவரும் சிரிக்கவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. கேப்டன் பதவிக்கு அவள் பெயரை நானே முன்மொழிந்துவிட்டேன். நீ வந்தால் அவளுக்கே போடு.