குதிரைக்காரன் வளவு

"ஆதாரம் எங்கை?" என்று மயில்வாகனம் கேட்டபோது வைத்திலிங்கத்தாரின் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. இல்லாவிட்டால் கோயில் பரிபாலன சபை அந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்திருக்கும்.

அனலைதீவின் தெற்கு மூலையில் புளியங்குடா என்றொரு குறிச்சி. அங்குள்ள பிள்ளையார் கோயிலில் கொடியேற்றத்தன்று ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் வெளியே வந்து, "குதிரைக்காரன் வளவு!" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். அந்த வளவுக் காணியில் வாழும் குடும்பத்தின் மூத்த ஆண், சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். தேங்காய், பழம், வெற்றிலையோடு காளாஞ்சித் தட்டு அந்தக் கைகளில் ஏறிய பிறகுதான் ஊரில் மற்றவர்களுக்குத் திருநீறே கிடைக்கும். ஆள் வராவிட்டால் விடமாட்டார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு வைத்திலிங்கத்தார் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது நாலு பேர் வீட்டுக்கு வந்து கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவு மரியாதை.

வைத்திலிங்கத்தார் முப்பது வருடம் விதானையாராக, ஊரில் அரசாங்கத்தின் ஆளாக, இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஊரில் ஒருவரும் அவரை ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. வருடத்தில் ஒரு நாள், ஊர் முழுக்கக் கேட்க, அவருடைய வளவைக் கூப்பிட்டார்கள். மிச்ச நாட்களை அவர் அந்த ஒரு நாளை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் இப்போது மயில்வாகனம் உலை வைத்தார். மாத்தறையில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, கட்டின வேட்டியோடும் தராசோடும் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் சும்மா இருந்த மனிதர், பொழுது போகாமல் பழைய காணி உறுதிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். வேலையில்லாதவர் உறுதி வாசிப்பது ஊருக்கு நல்லதல்ல.

"என்ர காணியும் 'குதிரைக்காரன் வளவின் மேற்குப் பங்கு' எண்டுதான் உறுதியில கிடக்குது. நீங்கள் கிழக்குப் பங்கு. முதல் வந்து குடியேறினவன்ர நேர்வழி ஆர் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

வைத்திலிங்கத்தார் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "குதிரைக்காரன் எண்டால் ஆரெண்டு நினைச்சீர்? சங்கிலி ராசாவின்ர குதிரைப்படைத் தளபதி! என்ர பூட்டனுக்குப் பூட்டன். அவற்ற சமாதியே என்ர வளவுக்கைதான் கிடக்குது."

சபைத் தலைவர் ஐயாத்துரை வாத்தியார் சந்தேகம் என்றால் நேரில் போய்ப் பார்க்கிற ஆள். பத்து நிமிடத்தில் சபை முழுக்க வைத்திலிங்கத்தாரின் கிணற்றடியில், வேலியோரமாக இருந்த கற்குவியலைச் சுற்றி நின்றது. இரண்டு பேர் சால்வையை இடுப்பில் கட்டிக் கும்பிட்டும் விட்டார்கள்.

குசினிக்குள்ளிருந்து வைத்திலிங்கத்தாரின் மனைவி அன்னபூரணம் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் ஏன் எங்கட லட்சுமியைக் கும்பிடுகினம்?"

"நீ உள்ள போ."

"மாடெண்டாலும் நல்ல மாடுதான். நாலு போத்தல் கறந்தது. நீங்கள்தானே மாரிக்கை நனைஞ்சு நனைஞ்சு குழி வெட்டித் தாட்டனீங்கள்."

சால்வைகள் மெல்லத் தோளுக்குத் திரும்பின. வாத்தியார் தொண்டையைச் செருமினார். "கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள் கிடக்குது. இரண்டு பேரும் எழுத்தில ஏதும் கொண்டு வாருங்கோ. மாடு சரிவராது."

மறுநாள் காலை வைத்திலிங்கத்தார் வள்ளமேறி ஊர்காவற்றுறைக்குப் போனார். அங்கே பஸ்ரியாம்பிள்ளை என்றொருவர். உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் நாற்பது வருடம் எழுத்து வேலை பார்த்துவிட்டு, இப்போது கத்தோலிக்கச் சேமக்காலையில் எந்தக் குழிக்குள் எவர் என்று பதிவுப் புத்தகம் வைத்திருப்பவர். செத்தவர்களைப் பற்றி அவரிடம் கேட்டால் பிழை வராது என்று பெயர்.

இருவரும் கல்லறை கல்லறையாகக் குனிந்து பார்த்தார்கள். சூசைப்பிள்ளைகளும் அந்தோனிப்பிள்ளைகளும் பெயர், ஊர், திகதியோடு ஒழுங்காகப் படுத்திருந்தார்கள். ஒரு சைவனையும் காணவில்லை.

"விதானையார், எங்கட ஆக்கள் செத்தாலும் விலாசத்தோட படுத்திருப்பினம்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "நீங்கள் எரிச்சுக் கரைச்சுப்போட்டு இப்ப வந்து தேடுறியள். உங்கட பூட்டனைத் தேடுறதெண்டால் கடலுக்கைதான் தேடவேணும்."

"அப்ப வழியே இல்லையோ?"

"ஏன் இல்லை? ஒல்லாந்தன் எரிக்கிறவனையும் விடாமல் எழுதி வைச்சவன். தோம்பு பாப்பம்."

தோம்பு என்பது ஒல்லாந்தர் வளவு வளவாக, தலை தலையாக ஆட்களை எண்ணி எழுதிய ஏடு. வைத்திலிங்கத்தாருக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. எண்பத்தோராம் ஆண்டுக் குடிசன மதிப்பில் புளியங்குடாவை வீடு வீடாக எண்ணியவரே அவர்தான். பஸ்ரியாம்பிள்ளை கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். பழைய நொத்தாரிசு ஒருவர் தமிழில் பிரதி பண்ணி வைத்த கடதாசி ஒற்றைகள். பாதியைக் கறையான் வாசித்து முடித்திருந்தது.

"கிடக்குது! 'புளியங்குடா. குதிரைக்காரன் வளவு. குடியானவன் பேர் வைரவன் கதிரன்.'"

வைத்திலிங்கத்தாருக்குக் கண் கலங்கியது. "தளபதி வைரவன் கதிரன்! வாசியும், வாசியும்."

"'இவன் நெடுந்தீவிலே கொம்பனியாரின் குதிரையொன்றைக் களவெடுத்து...'" பஸ்ரியாம்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "'களவெடுத்து, வள்ளத்தில் ஏற்றும்போது பிடிபட்டபடியால், ஐம்பது கசையடி கொடுத்து இவ்விடம் கொண்டுவந்து விடப்பட்டான்.' இதுக்கு அடுத்த ஒற்றை அதுக்குப் பின்னால உள்ளதோட ஒட்டிக்கொண்டு கிடக்குது. ஆறுதலாப் பிரிச்சாத்தான் வாசிக்க ஏலும்."

"காணும், காணும். பிரிக்க வேண்டாம்."

வைத்திலிங்கத்தார் ஒற்றையை நாலாக மடித்து மடிக்குள் செருகிக்கொண்டார். துறையில் நின்ற நேவிக்காரன் அரைகுறைத் தமிழில், "மடி... என்ன?" என்று கேட்டான்.

"பூட்டன்" என்றார் வைத்திலிங்கத்தார் கசப்புடன்.

கிழித்துக் கடலில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முப்பது வருடம் விதானையாராக இருந்தவர் ஒரு பத்திரத்தை வீணாக்குவாரா? வள்ளம் அனலைதீவை அணைவதற்குள் அவருக்கு மூளை வேலை செய்துவிட்டது. வளவில் இரண்டு பங்கு. கள்ளன் ஒரு ஆள். அவனைத் தூக்கி மேற்குப் பங்கில் இருத்திவிட்டால் என்ன?

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று ஒற்றையை மேடைப் பேச்சுப்போல வாசித்தார். களவு, வள்ளம், கசையடி எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கசையடியை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ர வாயால இதைச் சொல்ல மனம் வரேல்லை. ஆனா இந்த வைரவன் கதிரன், மயில்வாகனத்தின்ர நேர் பூட்டன். எங்கட தளபதி வேற ஆள்."

சபை சிரித்தது. மயில்வாகனத்தின் முகம் சுருங்கியது. ஐயாத்துரை வாத்தியார் மட்டும் கையை நீட்டினார். அவர் நாற்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பழகியவர்.

"இதில அடியில பொடி எழுத்தில இன்னொரு வரி கிடக்குதே, விதானையார். 'இவன் வருவதற்கு முன் இவ்விடத்தில் ஒரு சீவனும் குடியிருந்ததில்லை.'"

 மயில்வாகனம் எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"ஓம். கள்ளன் எங்கட ஆள்தான். விதானையாரே சொல்லிப்போட்டார். சபையில எல்லாரும் கேட்டனீங்கள்தானே? முதல் வந்து குடியேறினவனும் அவன்தான். அப்ப முதற் காளாஞ்சி எங்களுக்கு."

வைத்திலிங்கத்தார் நாளை எண்ணிப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார்கள்; மயில்வாகனம் முன்னுக்குப் போவார். இவர் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"பொறுங்கோ!" என்று கத்தினார். "அவசரத்தில மாறிச் சொல்லிப்போட்டன். கள்ளன் என்ர கள்ளன்!"

"முந்தாநாள் தளபதி எண்டனீங்கள்?"

"தளபதியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. களவு எங்கட பரம்பரைச் சொத்து. என்ர அப்பு கோயில் தென்னையில இளநி களவெடுத்துப் பிடிபட்டவர். வாத்தியார், உங்கட தகப்பனார்தானே பிடிச்சவர்?"

"ஓம், சொல்லியிருக்கிறார்" என்றார் வாத்தியார்.

"என்ர தம்பியார் வேலணையில சைக்கிள் எடுத்தவன். அவ்வளவேன், நான்! கூப்பன் காலத்தில செத்த ஆக்கள் இருபத்திரண்டு பேரை உயிரோட இருக்கினம் எண்டு எழுதி, அஞ்சு வருசம் அவையின்ர சீனி முழுக்க எடுத்தனான்."

பின்வரிசையில் ஒருவர் துள்ளி எழும்பினார். "அப்ப எங்கட ஆச்சியின்ர சீனி?"

"அதுவும் நான்தான்!" என்று வைத்திலிங்கத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினார். "இவரைப் பாருங்கோ. மாத்தறையில முப்பது வருசம் கடை வைச்சும் ஒருத்தருக்கும் ஒரு றாத்தல் குறைச்சு நிறுக்காத மனுசன்! அந்தத் தராசைக்கூட நீதி தவறாத தராசெண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தவர். இவற்ற உடம்பில குதிரைக் கள்ளன்ர ரத்தம் ஓடுமோ?"

"நானும் குறைச்சு நிறுத்தனான்!" என்றார் மயில்வாகனம் பதறி.

"ஆருக்கு? ஒரு பேர் சொல்லும் பாப்பம்."

மயில்வாகனம் யோசித்தார். நெற்றி வேர்க்க யோசித்தார். "ஒருக்கா... கருவாடு... இல்லை, அது நனைஞ்சிருந்தது" என்று இழுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். பாவம், நேர்மையான மனிதருக்கு அவசரத்தில் ஒரு களவுகூட நினைவு வரவில்லை.

சபை ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: விதானையார் போன்ற ஆள் அந்தக் கள்ளனின் வழித்தோன்றலாகத்தான் இருக்க வேண்டும். வைத்திலிங்கத்தார் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். வீட்டில் அன்னபூரணம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை கொடியேறியது. மணியம் வெளியே வந்து, "குதிரைக்காரன் வளவு!" என்று கூப்பிட்டார். வைத்திலிங்கத்தார் பட்டுச் சால்வையோடு, சனத்தை விலக்கிக்கொண்டு, அவசரப்படாமல் முன்னுக்கு நடந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். தட்டு ஏறியது. நாதஸ்வரக்காரர் ஒரு சுற்று அதிகமாகவே ஊதினார். கூட்டத்தில் மயில்வாகனத்தைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார் வைத்திலிங்கத்தார். அந்தப் பார்வைக்கு இருபத்திரண்டு பேரின் சீனியும் தகும்.

திரும்பும்போது வெளிவீதியில் பஸ்ரியாம்பிள்ளை நின்றார். காலை வள்ளத்தில் வந்தவராம். கையில் ஒரு பழுப்பு ஒற்றை. தட்டையும் வைத்திலிங்கத்தாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பஸ்ரியாம்பிள்ளை, எங்கட மரியாதையைப் பாக்க வந்தனீரோ?"

"இல்லை, ஒட்டிக் கிடந்த ஒற்றை பிரிஞ்சு வந்திட்டுது. கொண்டுவந்து தருவமெண்டு வந்தனான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதில எழுதியிருக்கிறதை மூண்டு தரம் வாசிச்சும் எனக்கு விளங்கேல்லை. இப்ப கண்ணால பாத்த பிறகுதான் விளங்குது. 'இக்கள்ளன் கடலால் தப்பியோடாதபடிக்கு, சனம் கூடும் நாள்தோறும் இவனை முதலாவதாகக் கூப்பிட்டு, முன்னே வரச்செய்து, இரண்டு கைகளையும் நீட்டுவித்து, ஆளை இடாப்பிலுள்ள பேரோடு சரிபார்க்கவேண்டியது, வராவிட்டால் தூக்கிவரவேண்டியது.' விதானையார், ஒல்லாந்தன் போய் இருநூறு வருசமாச்சு, நீங்கள் இன்னும் இடாப்புக்கு வந்துகொண்டு நிக்கிறியள்!"