ஐந்து பேருக்கும் ஒரே மூக்கு

"அந்த மூக்கு என்னோடது" என்றார் முதல் கவுன்ட்டர் பெண்.

"உன் மூக்கு என்னிக்கு இவ்வளவு எடுப்பா இருந்துச்சு? நல்லாப் பாரு, அது என்னோடது" என்றார் இரண்டாவது கவுன்ட்டர் பெண்.

வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரின் வாசலில், ஆளுயரப் படத்தின் முன்னால் ஐந்து கவுன்ட்டர் பெண்களும் கூடி நின்றார்கள். படத்தில் ஒரு பெண் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'சொல்லுங்கள், கேட்கிறோம்' என்று எழுதியிருந்தது.

மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தச் சண்டையை ரசித்தார். அவருடைய கிளையில் யாரும் வாடிக்கையாளரைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று தலைமையகத்துக்குப் புகார்மேல் புகார் போயிருந்தது. இன்னொன்று போனால் அவருடைய நாற்காலி போய்விடும். வாசலில் கனிவான முகம் ஒன்றை வைக்கலாம் என்று யோசித்தார். ஒருவர் படத்தை வைத்தால் மற்ற நால்வரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் ஐவர் படத்தையும் போட்டோக்காரரிடம் கொடுத்து, "கலந்து ஒரே முகமா ஆக்கிக் கொடுங்க. நாளைக்கே வேணும்" என்று கேட்டு வாங்கியிருந்தார்.

"சண்டை வேண்டாம்மா. எல்லார் மூக்கும் அதுல இருக்கு" என்றார். முகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "ஒருத்தர் மூக்கு நீளம், ஒருத்தருக்குச் சப்பை. ரெண்டையும் கலந்தா ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடும். கூட்டமாப் பாடறப்போ ஒருத்தர் சுருதி விலகினா காதுல விழுதா? அந்த மாதிரிதான். மேடு பள்ளமெல்லாம் தேஞ்சு, லட்சணம் மட்டும் மிஞ்சும்."

"அப்போ தனித்தனியாப் பார்த்தா நாங்க மேடு பள்ளம்ங்கறீங்க" என்றார் ஐவரில் மூத்தவர்.

மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு பெரியவர் அந்தக் கதவைத் தட்டினார்.

"படத்துல இருக்கற பொண்ணு இன்னிக்கு வரலியா?"

"எதுக்குங்க?"

"அதுகிட்டதான் சொல்லணும். போன தடவை பக்கத்துல உக்காந்து அவ்வளவு பொறுமையா கேட்டுச்சு. எந்தெந்த பில்லு வேணும், எந்தக் கவுன்ட்டர்ல நின்னா வேலை நடக்கும், எல்லாம் சொல்லிக் கொடுத்துச்சு."

மேலாளருக்கு உள்ளூரப் புல்லரித்தது. பல முகங்களைக் கலந்து செய்த முகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் தனி அடையாளம் குறைவு. நாம் அன்றாடம் பார்க்கும் முகங்களின் பொதுச்சாயல் அதிகம். அதனால் பார்க்கிறவருக்கெல்லாம் எங்கோ பார்த்தது போலவே இருக்கும். மனசு அந்த 'எங்கோ'வுக்கு ஒரு இடத்தையும் கதையையும் தானாகவே தேடிக் கொடுத்துவிடும். பெரியவருக்கு நடந்திருப்பது அதுதான். ஆனால் இதை அவருக்கு விளக்கினால் பொழுது சாய்ந்துவிடும்.

"அவங்க லீவுல இருக்காங்க" என்றார்.

விஷயம் பரவியது. "அவங்க வரட்டும்" என்று ஆட்கள் கவுன்ட்டருக்கே போகாமல் பெஞ்சில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஒரு தையல்காரர் அந்தப் பெண் தன் புகார் மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்ததாகச் சத்தியம் செய்தார். பெஞ்சில் இடமில்லாமல் சிலர் படியில் உட்கார்ந்தார்கள்.

மேலாளர் வெளியே வந்து, "அவங்களை வேற கிளைக்கு மாத்தியாச்சு" என்று அறிவித்தார்.

அன்று மாலையே தலைமையகத்துக்கு போன்கள் பறந்தன. மறுநாள் மண்டல அதிகாரி அழைத்தார்.

"அந்தப் பொண்ணை எந்தக் கிளைக்கு மாத்தினீங்க? இந்த வருஷப் பரிசு அவங்களுக்குத்தான். போன தடவை நான் வந்தப்போ எழுந்து எனக்கு இடம் கொடுத்தாங்களே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

'மேடமுமா!' மேலாளர் மனசுக்குள் வியந்தார். "விசாரிச்சுச் சொல்றேன் மேடம்" என்று போனை வைத்தார்.

அன்றிரவு சாப்பாட்டில் கை போகாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"வேலையை விட்டுட்டாங்கன்னு சொல்லிடுங்க. போனவங்களை யாரு தேடப் போறா?" என்றார் மனைவி.

"நல்ல யோசனை. ஆமா, நீ எப்போ கண்ணாடி போட்ட?"

"போன மாசம்."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மறுநாள் மனைவி சொன்னபடியே செய்தார்.

அடுத்த நாள் மண்டல அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"விட்டுட்டாங்களா, விரட்டினீங்களா? ஊழியர் பதிவுல தேடினேன். அஞ்சு பேர்தான் இருக்காங்க. பதிவே இல்லாம ஒரு பொண்ணை இத்தனை நாள் வேலை வாங்கியிருக்கீங்க! உங்களை வச்சுக்கிட்டு இனிமேலும் இந்தக் கிளையை நடத்தணுமா?"

மேலாளருக்கு வேறு வழியில்லை. "மேடம், அப்படி ஒரு பொண்ணே கிடையாது. இந்த அஞ்சு பேரையும் கலந்த முகம் அது. எல்லாருக்கும் பார்த்த மாதிரி இருக்கும். அது மனசோட வேலை" என்று சுருதி, சப்பை மூக்கு, பொதுச்சாயல் எல்லாவற்றையும் வியர்க்க விறுவிறுக்க விளக்கினார்.

அதிகாரி அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க முகத்தைப் பார்த்தா நம்பணும்னு தோணலை."

மேலாளரின் கை தன்னையறியாமல் தாடையைத் தடவியது. பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர். தராசுத் தட்டில் உட்காருவது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அது ஒரு பக்கமாகச் சாயும்போது, உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னாலும் முள் அசைவதில்லை.

"போட்டோக்காரரைக் கூப்பிடறேன். அவரு சொன்னா நம்புவீங்களா?"

போட்டோக்காரர் வந்தார். கவுன்ட்டர் பெண்களும் வேலையை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"சொல்லுங்க, இவங்க அஞ்சு பேரையும் கலந்துதானே செஞ்சீங்க?" மேலாளரின் குரல் கெஞ்சியது.

போட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "கலக்கத்தான் சார் பார்த்தேன். ஒருத்தங்க பக்கவாட்டுல பார்த்திருந்தாங்க. ஒருத்தங்க கொடுத்தது பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ எடுத்த படம். எப்படிக் கலந்தாலும் நாலு புருவம் வந்துச்சு. நீங்க மறுநாளே வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க. சரின்னு கைவசம் இருந்த ஒரு படத்தைப் பெருசு பண்ணிக் கொடுத்துட்டேன்."

ஐந்து கைகள் ஐந்து மூக்குகளுக்குப் போயின.

"கைவசம் இருந்த படமா? அது யாரு?" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரி மேடம், ரிப்பேருக்குக் கொடுத்த மெஷினைக் கேட்டு போன மழைக்கு முன்னாடியிலேர்ந்து இந்த பெஞ்சுலதான் வந்து உக்காந்திருக்கா, சார்தான் வாராவாரம் அவ முகத்துக்கு நேரா 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லி அனுப்பறாரு."