கிடாவும் பேரனும் ஒரே பெயரும்

மேட்டுப் பண்ணை,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை நெஸ்தாவுக்கு,

இங்கே மலையில் மழை, எனக்கு முழங்கால் வலி, ஆடுகள் சௌக்கியம். கார்டிஃபில் நீயும் உன் வீட்டுக்காரரும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தர் பார்த்துக்கொள்வாராக.

பேரன் பிறந்துவிட்டான்! நாலரைக் கிலோ! ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் ஞானஸ்நானம். பெயர் எம்ரிஸ்தான். என் பெயர் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்பா பெயர், தாத்தா பெயர். ரோமாபுரிக்காரன் அம்ப்ரோசியுஸ் என்று கொண்டுவந்ததை நம் ஆட்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாயில் போட்டு மென்று எம்ரிஸ் ஆக்கினார்கள். சாவில்லாதவன் என்று பொருள். நூலகத்தில் நானே தேடிப் படித்தேன். "கல்லறைத் தோட்டத்துல ஆறு எம்ரிஸ் படுத்திருக்காங்களேப்பா" என்கிறான் மகன் கெரைன்ட். ஆள்தானே போனான், பெயரா போயிற்று?

மருமகள் லவ்ரி மறுக்கிறாள். காரணம் கிடா. மூன்று வருஷம் முன்பு முதல் குழந்தை பெண்ணாய்ப் பிறக்கவும், பெயர் என்னோடு முடிந்தது என்று பதறி, அந்த வாரம் பிறந்த கிடாக்குட்டிக்கு அதை வைத்துவிட்டேன். போன மாதக் கண்காட்சியில் ஒலிபெருக்கி அலறியது: "முதல் பரிசு எம்ரிஸ்! பல் சுத்தம், பின்பக்கம் அபாரம்!" தேநீரும் கையுமாக நின்ற என்னை ஊரே திரும்பிப் பார்த்தது. ரொட்டி எம்ரிஸ் முதுகில் தட்டி, "பின்பக்கத்துக்குப் பரிசாமே, சொல்லவே இல்லையே!" என்கிறான். உனக்குத் தெரியாததா, இங்கே எம்ரிஸ் நாலு பேர். ரொட்டி, தபால் என்று அவரவர் தொழிலை முன்னால் சேர்த்தால்தான் ஆள் தெரியும். லவ்ரி அதையேதான் பிடித்துக்கொண்டாள்: "எம்புள்ளைய ஆயுசுக்கும் கிடா எம்ரிஸ்னு கூப்புடுவாங்க மாமா. இத்வால்னு வைப்போமே."

வயிற்றில் இருக்கும்போதே அவனை எம்ரிஸ் என்று கூப்பிட்டாயிற்று; கூப்பிட்ட பெயரைப் பறிப்பது திருட்டு என்று சொல்லிவிட்டேன். உன் பேச்சை அவள் கேட்பாள். சனிக்கிழமையே வந்து அவளுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்.

உன் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

விட்டுக்கொடுக்காத அண்ணன்,
எம்ரிஸ்

பி.கு.: வாதாட வராதே. லவ்ரி இறங்கிவந்துவிட்டாள்! "கிடா பேர மாத்திடுங்க மாமா, இவனுக்கு எம்ரிஸ்னே வைப்போம்" என்றாள். முழங்காலை மறந்து மேட்டுக்கு ஓடி, "இத்வால்! இத்வால்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த அபாரமான பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மேய்ந்தான். மெதுவாக, "எம்ரிஸ்" என்றேன். வாயில் புல்லோடு ஓடிவந்து என் கோட்டில் தலையைத் தேய்த்தான். கிடாவிடம் பறித்தாலும் திருட்டு திருட்டுதானே நெஸ்தா. போதகரிடம் சொல்லிவிட்டேன்: ஞாயிறு காலை பத்து மணிக்கு இத்வாலுக்கு ஞானஸ்நானம்.