இதமாக ஒரு டிங்

“மாப்ள, உங்க மணியைக் கேட்டதும் ஒருத்தர் பல்வலியோட எழுந்து ஓடிட்டார்!”

போனில் கத்தியவர் பல் டாக்டர், மனைவியின் அண்ணன். இந்த முனையில், வீட்டின் சின்ன அறையில், ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒலி வடிவமைப்பாளர்.

“நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவரும் மச்சான், தங்கையின் நச்சரிப்பு தாங்காமல்தான் இந்த வேலையைக் கொடுத்திருந்தார். நோயாளிகளை உள்ளே கூப்பிட, காதைக் கிழிக்கும் பழைய பஸ்ஸருக்குப் பதிலாக இதமான ஓர் ஒலி. இன்று மாலைக்குள் சரிவராவிட்டால் பஸ்ஸர் திரும்பி வரும். கூடவே அந்தக் கதை சொந்தபந்தம் முழுக்கச் சுற்றிவரும்.

“நல்லா கவனிச்சீங்களா மச்சான்?”

“நானே வந்து நின்னு பாத்தேன்யா. அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போடுது.”

வடிவமைப்பாளர் கம்ப்யூட்டரில் ஒலிகளை உருவாக்கும் வேவ்டேபிள் சிந்தசைசரைத் திறந்தார். திரையில் மடிப்பு மடிப்பாக ஒலி அலைகள். தந்தியை விரல்நுனியால் மெல்லத் தெறித்ததுபோல் ஒரே ஒரு டிங். அவர் காதுக்கு அது பட்டாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபில்டரைக் கீழே இறக்கி, கூர்மையை மழுக்கி அனுப்பினார்.

“இது அதைவிட மோசம். ஒரு அம்மா கைப்பையைக்கூட எடுக்காம போயிட்டாங்க.”

ஒலி தொடங்கும் இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சாக்கினார். அனுப்பினார்.

“ஒரு போலீஸ்காரர் மாப்ள, ஆறடி ஆளு. ‘வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்’னு போனார். ஆளையே காணோம்.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “எங்க அண்ணனுக்கு என்னதான் புடிக்குமாம்?”

“அவருக்கு இல்லம்மா. அவர்கிட்ட வாயைத் திறக்கறவங்களுக்குப் புடிக்கணும்.”

ஒலியின் வாலை நீட்டி, கொஞ்சம் எதிரொலியும் சேர்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. யாரோ கிணத்துக்குள்ளேருந்து கூப்பிடற மாதிரி” என்றாள். அதற்குள் அவர் அனுப்பிவிட்டிருந்தார்.

அடுத்த போனில் டாக்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இப்ப வெளியில ஒரு ஈ காக்கா இல்ல மாப்ள.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேர் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நோயாளிங்க நடுவுல உக்காந்து கேட்டாத்தான் கோளாறு எங்கேன்னு தெரியும். வாங்க மச்சான்” என்று டாக்டரை இழுத்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். பதற்றத்தில் லேப்டாப்பில் விரல் எங்கேயோ பட்டது.

டிங்.

யாரும் அசையவில்லை. வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் செய்தித்தாளை நிதானமாக மடித்தார். “நான்தானே?” என்று புன்னகையோடு எழுந்து, கல்யாண வீட்டுப் பந்திக்குப் போவதுபோல் உள்ளே நடந்தார்.

“இதான் மாப்ள! இதை முதல்லயே குடுத்திருந்தா என்ன?”

வடிவமைப்பாளர் திரையைப் பார்த்தார். ஓடியது முதலில் கொடுத்ததேதான். லேப்டாப்பை மெல்ல மூடினார். டாக்டர் அங்கேயே தங்கைக்குப் போன் போட்டு, “உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். வடிவமைப்பாளருக்குக் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து போனதுபோல் இருந்தது.

டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் மெல்லக் குனிந்தார். “காலையில எல்லாரையும் விரட்டின அதே சத்தம்தாம்மா இது. இப்ப மட்டும் எப்படிப் புடிச்சுது?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சத்தம் எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு சார். ஒவ்வொரு தடவையும் மணியை அழுத்திட்டு, யார் பயப்படறாங்கன்னு பாக்க டாக்டர்தான் கையில கொறடோட கதவைத் திறந்துக்கிட்டு வந்து நிப்பார்.”