மாஸ்டர் கொண்டுவந்த ஊற்றுத் தண்ணீர்

தண்ணீரைக் கண்டால் விரலை விடாமல் இருக்க முடியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர், பனியன் துணிக்குச் சாயமேற்றும் எங்கள் வீரபாண்டி யூனிட்டின் டையிங் மாஸ்டர். கல்யாணப் பந்தியில் டம்ளர் வைத்தால்கூட முதலில் விரல், அப்புறம்தான் வாய். அவருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

அப்படிப்பட்டவரை, எங்களிடம் பனியன் வாங்கும் பையர் இங்கிலாந்துக்கு அழைத்தார். துணைக்கு, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசராக இருந்த நான். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, ரோமானியர்கள் அந்தக் காலத்தில் கட்டிய பொதுக் குளியல் கூடத்தைப் பார்க்க அனுப்பி வைத்தார்கள். கூரையில்லாத பெரிய குளம், சுற்றிலும் கல்தூண்கள். தண்ணீர் பச்சைப் பசேலென்று, ஆவி பறக்க நின்றது.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தார்.

"ஏனுங்க தம்பி, இங்கயும் சாயத்தண்ணிய உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க?"

சூடு ஆறவில்லை, அதனால் ஏதோ ஒரு யூனிட்காரன் இப்போதுதான் திறந்துவிட்டிருக்கிறான் என்பது அவர் கணக்கு. யார் கேட்டாலும் நமக்குத் தெரியாது என்று சொல்லிவிடும்படி வேறு கேட்டுக்கொண்டார். பச்சை நிறம் பாசியினால் வந்தது, சூடு பூமிக்குள்ளிருந்தே வருகிறது என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மூட்டுவலிக்காரர்கள் அப்போது இதில் வந்து கிடப்பார்களாம் என்று போகிற போக்கில் சொல்லித் தொலைத்தேன்.

அவர் மனைவிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறி வருஷக்கணக்காகிறது. 'தண்ணீரைத் தொடாதீர்கள்' என்ற பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரே ஒரு பாட்டில் மொண்டுகொள்ளலாமா என்று காவல் பெண்ணிடம் கொங்குத் தமிழிலேயே கெஞ்சினார். நான் மொழிபெயர்த்தேன். அதே ஊற்றின் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்கக் கொடுக்கும் பக்கத்து அறையை அவள் காட்டினாள். கொடுத்த டம்ளரை மாஸ்டர் வாயில் வைக்கவேயில்லை. அப்படியே என் பாட்டிலில் ஊற்றி, பையர் ஓகே செய்த சாம்பிள் பனியன்களுக்கு நடுவே சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார். பாட்டில் ஒழுகினால் ஆர்டரே போச்சு. விமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளை, ஒழுகவில்லை. சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மாஸ்டர் இல்லை. வலி எப்படி என்று அவர் மனைவியிடம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரிடம், கேட்டேன்.

"வலி அப்படியேதானுங்க இருக்குது. ஆனா மனுசன் தெனமும் பொழுதோட கீழ உக்காந்து, அந்தத் தண்ணியில துணிய நனச்சு ஒத்தி, காலப் புடிச்சு உடறாரு. கலியாணமாகி இத்தன வருசத்துல எங்கூட இப்படி உக்காந்து பேசுனதே இல்லீங்க. தண்ணி கொறையறப்பல்லாம் நாந்தான் கொழாயில புடிச்சு ஊத்தி வெக்கறனுங்க. அவருகிட்டச் சொல்லீராதீங்க கண்ணு."

நான் சொல்லவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான். மாஸ்டர் பத்திரிகை படிக்கிற ஆளில்லை. படித்தாலும், பிடித்த காலை விடுகிற ஆளுமில்லை.