டீச்சர் முங்குன காடு

கனவு காண்கிறவர்களைப் பின்பக்கமாக நடக்க விடக் கூடாது. முன்பக்கம் நடந்தாலே தடுக்கி விழுகிற ஜாதி அது. நானோ பின்பக்கமாகவே நடந்து பழகியவள். கரும்பலகையில் எழுதிவிட்டு, வரி நேராக இருக்கிறதா என்று ரசித்துக்கொண்டே பின்னால் வருவேன். வகுப்பறையில் அதிகபட்சம் முதல் பெஞ்சில் இடித்துக்கொள்ளலாம். சதுப்பு நிலத்தில் பெஞ்சு கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விஞ்ஞான டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அதனால் மிச்சமான நேரத்தில் உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாழவந்திப் பக்கம் ஒரு பள்ளத்தில் சதுப்புக் காடு இருந்தது (மரங்கள் விறகாகிப் போனபின் அதைக் காடு என்று சொன்னவள் நான் ஒருத்திதான்). காலகாலமாக இலை விழுந்து மக்கிய கறுப்புச் சேறுதான் மிச்சம். அந்தச் சேறு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இருக்கும் ஊற்றுக்கு விடும். நிழல் போனதும் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்தது. பங்குனி வந்தால் ஊற்றடியில் குடங்கள்தான் நிறைய இருந்தன, தண்ணீர் இல்லை.

நிலம் வெள்ளையன் என்ற மலை விவசாயியுடையது. நான் போய்ப் பேசினேன்.

"ஏனுங்க டீச்சர், மரம் வெச்சா ஊத்து திரும்புமுங்களா?"

"கண்டிப்பாத் திரும்பும்."

"அப்பச் சேரி, சித்திர வரைக்கும் உடறனுங்க. அதுக்குள்ள பச்ச தெரியலீன்னா வாய்க்கா வெட்டித் தண்ணிய வடிச்சுப்போட்டு பீன்ஸ் போட்ருவனுங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

நியாயமான பேச்சு. வாய்க்கால் வெட்டினால் சேறு சாகும், சேறு செத்தால் ஊற்றும் போய்விடும். அன்று முதல் எனக்குத் தூக்கத்திலும் நாவல் மரம்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் திரட்டினேன். என் வகுப்புப் பெண்கள், ஊர்க்காரர்கள், எஸ்டேட் ஆட்கள். ஏற்காடு கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய் தன் ஜீப்பில் நாவல் கன்றுகளை ஏற்றி வந்தார். எஸ்டேட் பழக்கத்தில் வளர்ந்த கைகள், கன்று வைத்தால் பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டாமல் விடாது. அதனால் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் மரங்களிலிருந்து கழித்த கிளைகள் கட்டுக்கட்டாக வந்தன. என்ன மரம் என்று நான் கேட்கவில்லை (விஞ்ஞான டீச்சர்).

பாதிக் கன்று நட்டபோது மூடுபனி இறங்கியது. பள்ளம் முழுக்கப் பால் ஊற்றியது போல ஆனது. சத்தங்கள்கூட எங்கோ தூரத்தில் கேட்டன. எனக்கு அந்த வெள்ளைக்குள் காடு தெரிந்தது. கிளைகள், கிளையில் பறவைகள், அடியில் குளிர்ந்த தண்ணீர். இப்படிப்பட்ட நேரத்தில் பேசாமல் இருந்தால் அது நான் இல்லை.

"இங்கே நாவல் நிற்கும்," என்று ஆரம்பித்தேன். "அங்கே நிழல் விழும்." காட்டை முழுசாகப் பார்க்கவேண்டும் என்பதற்காகப் பின்னால் நடந்தேன். கால் குளிர்ந்தது. பேசினேன். முழங்கால் குளிர்ந்தது. நிறுத்தினால் மரியாதை போய்விடும் என்று மேலும் பேசினேன். கரையில் நின்றவர்களுக்குப் பனியில் என் தலை மட்டும்தான் தெரிந்ததாம்.

"டீச்சர் குள்ளமாயிட்டே போறாங்கடி," என்றாள் ஒரு மாணவி.

அப்போது இடுப்பு வரை போயிருந்தேன். அடி தட்டவில்லை. நிஜமாகவே பயந்துபோனேன்.

அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். நட்ட கன்றுகள் மேலேயே ஓடி வந்தார்கள். "கன்னு, கன்னு, மிதிக்காதீங்க" என்று நான் சேற்றுக்குள் இருந்து கத்தினேன்.

"கன்னு கெடக்குதுங்க. மொதல்ல நீங்க வாங்க சாமி," என்றார் வெள்ளையன்.

காதர் பாய் அதற்குள் குச்சிக் கட்டுகளை அவிழ்த்துவிட்டார். கரையிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் இரண்டு வரிசையாகச் சேற்றில் குச்சிகளை ஆழமாக இறக்கினார்கள், நான் பிடித்துக்கொண்டு வர. கால் வைக்க ஏதாவது வேண்டுமே. மிச்சமிருந்த நாவல் கன்றுகளைப் பையோடு அள்ளிப் போட்டார்கள். நான் வளர்க்க நினைத்த காட்டை மிதித்துக்கொண்டே கரையேறினேன். ஒரு செருப்பு வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"டீச்சரம்மா, பேச்சு நொம்ப நல்லாருந்துச்சு," என்றார் காதர் பாய். அவர் நல்ல மனிதர். அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கன்றுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதன்பின் நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. சித்திரையில் வெள்ளையன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தோளில் மண்வெட்டி. வாய்க்கால் வெட்டத்தான் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"வந்து பாருங்க டீச்சர்," என்றார்.

போனோம். அன்றும் மூடுபனி. அதற்குள் இரண்டு வரிசையாகப் பச்சை நின்றது. நான் பிடித்துக்கொண்டு வந்த குச்சிகள், கரையிலிருந்து சேற்றின் நடுவரைக்கும், அத்தனையும் தளிர்விட்டு நின்றன. கல்யாண முருங்கை. கிளையை ஒடித்து ஈரத்தில் நட்டாலே பிடித்துக்கொள்கிற மரம்.

"நீங்க சொன்ன நாவல் இல்லீங்களே இது," என்றார் வெள்ளையன். "ஆனா முகூர்த்தக்கால் நடுற மரமுங்க. துளுத்து நிக்கறத வெட்டி எறிஞ்சா ஊட்டுக்கு ஆவாதுங்க. இங்க மம்பட்டி போடமாட்டன்." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பீன்ஸ் போட வேறு பக்கம் போய்விட்டார்.

பிறகு அந்த மரங்கள் சிவப்பாகப் பூத்தன. பூவுக்குப் பறவைகள் வந்தன. எங்கெங்கோ தின்ற பழத்தின் கொட்டைகளை அங்கே போட்டன. நாவலும் வந்தது, நான் நடாத இடங்களில் எல்லாம். ஊற்று பங்குனியிலும் நிற்காமல் ஓடியது. ஊரில் அந்த இடத்துக்கு 'டீச்சர் முங்குன காடு' என்று பேர் நிலைத்துவிட்டது.

என் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் அங்கிருந்துதான் வந்தது. வெள்ளையனே வெட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க மாப்ள. டீச்சர் இதப் புடிச்சுத்தான் மேல வந்தாங்க."

பந்தலே சிரித்தது. இன்றைக்கும் நான் வீட்டில் ஏதாவது பெரிய யோசனையை ஆரம்பித்தால் என் மகள் கேட்பாள், "அப்பா, குச்சி எடுத்துட்டு வரட்டுமா?" என்று. போன பங்குனியில் அந்தக் காட்டுக்குப் போயிருந்தோம். சிவப்புப் பூவும் பனியுமாக இருந்தது. அன்று நான் கண்ட காடு அப்படியே நின்றது. முழுசாகப் பார்க்கலாம் என்று இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். நகர முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் என் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்தபடி, பூவைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தார்.